இது உம்மாட கையெழுத்தா?



கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். காணி, உறுதி, வஸிய்யத் என்று வீட்டில் ஏதாவது பேச்சு ஓடிக்கொண்டிருந்தால் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள்.

அண்மையில் ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு மருதானையில் எங்கள் பக்கத்து வீடொன்றுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். மேசையில் ஒரு நன்கொடை உறுதியின் போட்டோ பிரதி கிடந்தது. உம்மா மௌத்தாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆறு வருடத்துக்கு முன் வீட்டை இளைய மகளின் பெயருக்கு எழுதியிருக்கிறார். மூத்த மகன் தொலைபேசியில் உம்மாவின் பழைய கடவுச்சீட்டுப் படத்தை எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினார். அது 2004 இல் ஹஜ்ஜுக்குப் போகும்போது எடுத்தது.

"டீச்சர், நீங்க ஒரு நாளைக்கு நூறு கொப்பி பாக்கிற ஆள். இதையும் பாருங்க, அதையும் பாருங்க. இது எங்கட உம்மாட கையெழுத்தா?"

இரண்டையும் பார்த்தேன். கடவுச்சீட்டில் இருந்தது நேரான, வேகமான கையொப்பம். உறுதியில் இருந்தது நடுங்கிய கையொப்பம். கடைசி எழுத்து கீழே இறங்கிப் போயிருந்தது. மற்றப் பக்கத்தில் அந்த இளைய மகள் ஒன்றும் பேசாமல் அழுதுகொண்டிருந்தார். குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஏற்கனவே "கள்ளக் கையெழுத்து" என்று தீர்ப்பு வந்துவிட்டது.

"என்னால் சொல்ல முடியாது" என்றேன். பலருக்கும் அது பிடிக்கவில்லை. ஒருவர் முகத்துக்கு நேரே, "டீச்சருக்குத் தெரியும், சொல்லப் பயம்" என்றார்.

பயம்தான். ஆனால் அவர் நினைத்த பயம் இல்லை.

சில வருடங்களுக்கு முன் எட்டாம் தரத்தில் எனக்கு ஒரு மாணவன் இருந்தான். இரண்டாம் தவணைத் தேர்ச்சி அறிக்கையில் உம்மாவின் கையொப்பம் வாங்கி வந்தான். கணிதத்துக்கு மோசமான புள்ளி. கையொப்பமும் நடுங்கி, நின்று நின்று எழுதியது போல இருந்தது. முதலாம் தவணை அறிக்கையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், இரண்டும் ஒன்றல்ல. சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, முழு வகுப்புக்கும் முன்னால், "இதை யார் போட்டது?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நான் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் அவனுடைய உம்மா வந்தார். வலது கை விரல்கள் மூட்டு வருத்தத்தால் வளைந்து போயிருந்தன. என் மேசையிலேயே பேனாவை எடுத்து, இரண்டு இடத்தில் நிறுத்தி நிறுத்தி ஒரு கையொப்பம் போட்டார். அறிக்கையில் இருந்த அதே கையொப்பம். "ஏன்ட சைன்தான் டீச்சர். கை முந்தின மாதிரி இல்ல" என்றார். மகன் ஏன் வாயைத் திறக்கவில்லை என்றும் அப்போதுதான் விளங்கியது. உம்மாவின் வருத்தத்தை வகுப்பில் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், வகுப்புக்கு முன்னால்தான். ஆனாலும் அந்தச் சிவப்பு வட்டம் என் மனதில் இருந்து போகவில்லை. ஆசிரிய கலாசாலையில் எங்களுக்குக் கையெழுத்தைத் திருத்தக் கற்றுத் தந்தார்கள், கையெழுத்தைப் பார்த்து ஆளைத் தீர்மானிக்கக் கற்றுத் தரவில்லை. அதன் பிறகுதான் இந்தத் துறையைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். நான் வரலாறு படிப்பிக்கிற ஆள் என்பதால் அதன் வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வரலாற்றிலேயே இப்படி ஒரு கடிதம் இருக்கிறது. ஹிஜ்ரி 35, அதாவது 656 ஆம் ஆண்டு. மதீனாவில் முறையிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த எகிப்தியர் குழு, வழியில் ஒரு தூதுவனைப் பிடித்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அவனிடம் எகிப்தின் ஆளுநருக்கு ஒரு கடிதம். இந்தக் குழுவினரைத் தண்டிக்கும்படி கட்டளை. கடிதத்தில் கலீஃபா உஸ்மான் (ரழி) அவர்களின் முத்திரை. அவர்கள் திரும்பி வந்து கடிதத்தைக் காட்டினார்கள். தான் எழுதவும் இல்லை, எழுதச் சொல்லவும் இல்லை, தனக்குத் தெரியவும் தெரியாது என்று உஸ்மான் (ரழி) மறுத்தார்கள். ஒருவர் பெயரில் இன்னொருவர் எழுதலாம், முத்திரையைப் போல முத்திரை வெட்டலாம் என்பதையும் சுட்டிக்காட்டினார்கள். சாட்சிகளைக் கொண்டு வாருங்கள், இல்லையென்றால் என் சத்தியத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே அவர்களின் நிலைப்பாடு. கோபத்தில் இருந்தவர்களுக்கு அது போதவில்லை. அதன் பின் நடந்த முற்றுகையும் ஷஹாதத்தும் உங்களுக்குத் தெரியும். அந்தக் கடிதத்தை எழுதியது யார் என்பதில் இன்று வரை ஒருமித்த கருத்து இல்லை.

இந்தத் துறையின் முதல் பாடமே இதுதான். முத்திரை ஒத்துப்போவது ஒரு விடயம், அதை வைத்தவர் யார் என்பது வேறு விடயம். பெயர் இருப்பது ஒரு விடயம், எழுதிய கை யாருடையது என்பது வேறு விடயம்.

அதனால்தான் எழுத்தை மட்டும் தனியே விடக் கூடாது என்று மனிதர்கள் நெடுங்காலமாகவே நினைத்தார்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. அது கடனை எழுதி வைப்பதைப் பற்றியது, அல்பகறா 282. எழுதுகிறவர் நீதமாக எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும், எழுதியவருக்கும் சாட்சிக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்றெல்லாம் அந்த ஒரே வசனம் பேசுகிறது.

எங்கள் நாட்டுச் சட்டமும் இதே வழியில்தான் போகிறது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. காணியை விற்கவோ கொடுக்கவோ வேண்டுமென்றால் நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும், ஆகக் குறைந்தது இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிட வேண்டும். இறுதி விருப்பாவணம் என்றால் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள். சட்டத்தின் பெயரைப் பாருங்கள், "மோசடிகள் தடுப்பு". நாங்கள் சும்மா சடங்கு என்று நினைத்து அவசரத்தில் செய்கிற அந்தச் சாட்சிக் கையொப்பங்கள் 180 வருடத்துக்கும் மேலாக ஒரு காரணத்துக்காகவே இருக்கின்றன.

அடுத்தது 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க சான்றுக் கட்டளைச் சட்டம். 1872 இன் இந்தியச் சான்றுச் சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்டது. இதில் கையெழுத்துப் பற்றி மூன்று பிரிவுகளைச் சாதாரண ஆட்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 45 ஆம் பிரிவு, கையெழுத்து யாருடையது என்பதில் நிபுணரின் கருத்தைக் கேட்க இடம் தருகிறது. 47 ஆம் பிரிவு, ஒருவரின் கையெழுத்தோடு பழக்கமுள்ளவரின் கருத்துக்கும் இடம் தருகிறது. அதாவது அவர் எழுதுவதைக் கண்டவர், அவரோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர், வேலை நிமித்தம் அவருடைய எழுத்தைத் தொடர்ந்து பார்த்தவர். 73 ஆம் பிரிவின்படி, உறுதியான மாதிரியோடு சந்தேகத்துக்குரியதை நீதிமன்றம் தானே ஒப்பிடலாம், நீதிமன்றில் இருக்கும் ஒருவரை எழுதச் சொல்லியும் பார்க்கலாம்.

பெயர் எழுதாத கொப்பியைப் பார்த்து "இது இன்னாருடையது" என்று நாங்கள் சொல்வது கிட்டத்தட்ட 47 ஆம் பிரிவு. ஆனால் கவனியுங்கள், சட்டம் அதைக் "கருத்து" என்றுதான் சொல்கிறது. நான் அன்று வகுப்பில் அந்தக் கருத்தைத் தீர்ப்பாக்கிவிட்டேன்.

எங்கள் சட்டம் எழுதப்படுவதற்கு ஒரு வருடம் முன், அதாவது 1894 இல், கருத்தைத் தீர்ப்பாக்குவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பிரான்ஸ் உலகத்துக்குக் காட்டியது. பரிஸில் இருந்த ஜேர்மன் தூதரகத்தின் குப்பைக் கூடையிலிருந்து ஒரு கடிதம் கிடைத்தது. யாரோ ஒரு பிரெஞ்சு அதிகாரி இராணுவ இரகசியங்களை விற்கிறார். யார்? சந்தேகம் கெப்டன் அல்பிரட் ட்ரைஃபஸ் மீது விழுந்தது. அவர் யூதர். பிரான்ஸ் வங்கியின் கையெழுத்து நிபுணர் கோபேர், இது வேறொருவர் எழுதியதாகவும் இருக்கலாம் என்று சொன்னார். அந்தப் பதில் மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. குற்றவாளிகளின் உடலை அளந்து அடையாளம் காணும் முறையால் புகழ்பெற்றிருந்த அல்போன்ஸ் பெர்ட்டியோனைக் கூப்பிட்டார்கள். அவர் கையெழுத்து நிபுணர் அல்ல. கடிதத்தில் ட்ரைஃபஸின் எழுத்தோடு ஒத்துப்போகாத இடங்கள் இருந்தன. அதற்கு அவர் சொன்ன விளக்கம், ட்ரைஃபஸ் வேண்டுமென்றே தன் கையெழுத்தைத் தானே போலி செய்திருக்கிறார் என்பது. ஒத்துப்போனாலும் குற்றவாளி, ஒத்துப்போகாவிட்டாலும் குற்றவாளி!

ட்ரைஃபஸ் டெவில்ஸ் தீவுக்கு அனுப்பப்பட்டார். 1896 இல் கடிதத்தின் படம் ஒரு பத்திரிகையில் வெளிவந்தது. எஸ்டர்ஹாஸி என்ற இன்னொரு அதிகாரியின் எழுத்தை அறிந்தவர்கள் அதை அடையாளம் கண்டார்கள். 1904 இல் ஹென்றி புவன்காரே உட்பட மூன்று கணித அறிஞர்கள் பெர்ட்டியோனின் கணக்குகள் பயனற்றவை என்று அறிக்கை கொடுத்தார்கள். 1906 இல்தான் ட்ரைஃபஸ் முழுமையாக விடுவிக்கப்பட்டார். பன்னிரண்டு வருடம்.

அங்கே ஆள் முதலில் தெரிவு செய்யப்பட்டார், கையெழுத்து பிறகுதான் தேடப்பட்டது. சிறுபான்மையாக வாழ்கிற எங்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்குள்ளேயும் இதையேதான் செய்கிறோம் என்பதை நாங்கள் கவனிப்பதில்லை. தங்கை மீது ஏற்கனவே மனக்கசப்பு. அதன் பிறகு பார்க்கிற கண்ணுக்கு ஒவ்வொரு கோடும் கள்ளமாகவே தெரியும்.

எங்கள் பக்கத்திலும் இந்தத் துறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1858 இல் வங்காளத்தில் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹேர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரிடம் கையொப்பத்தோடு நிற்காமல் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தின் பின்புறம் பதிப்பித்தார். பிறகு மறுக்கக் கூடாது என்பதற்காக. 1897 இல் கல்கத்தாவில் விரலடையாளப் பணியகம் தொடங்கியது. அங்கே விரலடையாளங்களை வகைப்படுத்தும் முறைக்கு முதுகெலும்பாக இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் குல்னாவைச் சேர்ந்த காஸி அஸீஸுல் ஹக், மற்றவர் ஹேம் சந்திர போஸ். ஆனால் அந்த முறை இன்றும் அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரில்தான் அறியப்படுகிறது. 1904 இல் வங்காள அரசு கையெழுத்து நிபுணர் என்ற பதவியை உருவாக்கி, கணக்காய்வு அலுவலகத்தில் இருந்த ஹார்ட்லஸ் என்பவரை நியமித்தது. 1906 இல் அந்தப் பணி சிம்லாவுக்குப் போனது. பின்னர் பதவியின் பெயர் "ஐயத்துக்குரிய ஆவணங்களின் பரிசோதகர்" என்று மாறியது. புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் போய் வந்தவர்கள் "ஈ.கியூ.டி. ரிப்போர்ட்" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது இந்தப் பதவியின் ஆங்கிலச் சுருக்கம்தான். இன்று எங்கள் நாட்டில் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்தில் இந்தப் பரிசோதனைக்கென ஒரு பிரிவு இயங்குகிறது.

பெயர் மாறியதைக் கவனித்தீர்களா? "கையெழுத்து நிபுணர்" இல்லை, "ஆவணப் பரிசோதகர்". அவர் எழுத்தை மட்டும் பார்ப்பதில்லை. தாள், மை, அச்சு, முத்திரை எல்லாவற்றையும் பார்க்கிறார். கையெழுத்தைப் பார்த்து "நீங்கள் கோபக்காரர், தாராள மனமுள்ளவர்" என்று குணம் சொல்கிறவர்களுக்கும் இவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது வேறு கடை.

இந்தத் துறைக்கு ஒழுங்கான மொழியைக் கொடுத்த நூல் 1910 இல் அமெரிக்கரான அல்பர்ட் ஒஸ்போர்ன் எழுதியது. அதன் பெயரே "ஐயத்துக்குரிய ஆவணங்கள்" என்றுதான் பொருள்படும். அந்த மொழியில் சில சொற்களைத் தெரிந்துகொண்டால் எங்கள் அவசரம் பாதி குறையும். எனக்குக் குறைந்தது.

ஐயத்துக்குரிய ஆவணம். முழுவதுமோ ஒரு பகுதியோ கேள்விக்குள்ளான எந்த எழுத்தும் இதில் அடங்கும். இது "போலி ஆவணம்" அல்ல. கேள்வி எழுந்திருக்கிறது, பதில் இன்னும் இல்லை, அவ்வளவுதான். எங்கள் வட்ஸ்அப் குழுக்கள் இந்த முதல் சொல்லிலேயே சறுக்குகின்றன.

ஒப்பீட்டு மாதிரி. இன்னார் எழுதியது என்று உறுதியாகத் தெரிந்த எழுத்து. இதில் இரண்டு வகை. ஒன்று, வழக்கு வரும் என்று நினைக்காத காலத்தில் இயல்பாக எழுதியது: வங்கிப் படிவம், கடிதம், கணக்குக் கொப்பி, பாடசாலைப் பதிவேடு. மற்றது, கேட்டு எழுதுவித்தது. ஒரு மாதிரி போதாது, பல வேண்டும். காலமும் பொருந்த வேண்டும். 2004 கடவுச்சீட்டையும் பதினைந்து வருடம் கழித்து எழுதிய உறுதியையும் பக்கத்தில் வைத்தால், ஒப்பிடப்படுவது இரண்டு கைகள் அல்ல, இரண்டு வயதுகளாகவும் இருக்கலாம்.

இயல்பான வேறுபாடு. ஒரே ஆள் ஒரே நாளில் பத்து முறை ஒப்பமிட்டாலும் பத்தும் ஒன்றாக இருக்காது. நம்பாவிட்டால் இப்போதே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். இதிலிருந்து ஒரு விசித்திரமான விடயம் வருகிறது. இரண்டு கையொப்பங்கள் ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் அச்சொட்டாகப் பொருந்தினால், அது நல்ல செய்தி அல்ல. ஒன்றை வைத்து மற்றதை வரைந்திருக்கலாம் என்றுதான் பரிசோதகர் சந்தேகிப்பார். "அப்படியே இருக்கிறது" என்று நாங்கள் சந்தோஷப்படுகிற இடத்தில் அவர் நெற்றியைச் சுருக்குவார்.

பொது இயல்பும் தனி இயல்பும். ஒரே பாடசாலையில், ஒரே ஆசிரியரிடம் எழுதப் பழகியவர்களின் எழுத்தில் பொதுவான சாயல் இருக்கும். அது பொது இயல்பு. எங்கள் உம்மும்மா காலத்துப் பெண்கள் பலர் அரபு எழுத்தை ஓதுகிற இடத்தில் பழகியவர்கள். அவர்கள் அரபுத்தமிழில் போட்ட ஒப்பங்கள் எல்லாம் ஒரே சாயலில் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். "ரெண்டும் ஒரே மாதிரி" என்று சொல்ல அந்தச் சாயல் போதாது. ஒரு ஆளுக்கே உரிய பழக்கங்களைத் தேட வேண்டும்: எழுத்துகளுக்கிடையிலான அளவு, தொடங்கும் இடம், முடியும் இடம், சுழியின் திசை. அவற்றில் ஒன்றை மட்டும் வைத்துப் பேசவும் முடியாது, எல்லாம் சேர்ந்துதான் பேசும்.

கோட்டின் தரம். இயல்பாக எழுதும் கை ஓடும். அழுத்தம் கூடிக் குறையும், முடிவில் கோடு மெலிந்து தாளை விட்டு எழும்பும். பார்த்து வரைகிற கை மெதுவாகப் போகும். ஒரே தடிப்பு, மொட்டையான முடிவு, தேவையில்லாத இடத்தில் பேனா தூக்கல், பிறகு அந்த இடைவெளியை நிரப்பத் திரும்பத் தொட்டு வரைதல். உருவம் சரியாக இருக்கும், ஓட்டம் இருக்காது.

நடுக்கம். என்னை வீழ்த்திய சொல் இது. போலி செய்பவரின் மெதுவான கையிலும் நடுக்கம் வரும், முதுமையாலும் நோயாலும் வரும். இரண்டும் ஒன்றல்ல. போலியான நடுக்கம் பெரும்பாலும் கவனம் தேவைப்படும் கடினமான வளைவுகளில் தெரியும். வருத்தக்காரரின் எழுத்தில் கை நடுங்கினாலும், பழக்கப்பட்ட எழுத்தின் அமைப்பும் கவனமில்லாத வேகமும் இடையிடையே தலைகாட்டும். பிரித்தறியப் பயிற்சியும் உருப்பெருக்கியும் வேண்டும், அதே காலத்து மாதிரிகளும் வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு சிவப்புப் பேனா மட்டும்.

மறைத்தெழுதல். இது தன் சொந்த எழுத்தையே மாற்றி எழுதுவது. பிறகு "நான் போடவில்லை" என்று மறுப்பதற்காக ஒருவர் தானே வித்தியாசமாக ஒப்பமிடுவதும் நடக்கிறது. ஆகவே "வித்தியாசமாக இருக்கிறது" என்பதும் முடிவான பதில் அல்ல.

சேர்த்தலும் அழித்தலும். 1,000 என்பது 11,000 ஆவதற்கு ஒரு கோடு போதும். எங்கள் கண்ணுக்கு ஒரே கறுப்பாகத் தெரிகிற இரண்டு மைகள் அகச்சிவப்பு ஒளியில் வெவ்வேறாகத் தெரியலாம். ஒன்று மறைந்துபோகும், மற்றது நிற்கும். சேர்த்த கோடு அப்போது தனியே தெரியும்.

அழுத்தத் தடம். மேல் தாளில் எழுதும்போது கீழ்த் தாளில் விழும் பள்ளம். பென்சிலால் தேய்த்துப் பார்ப்பது படத்தில் நன்றாக இருக்கும், உண்மையில் அது ஆதாரத்தைக் கெடுத்துவிடும். 1970களின் இறுதியில் பிரிட்டனில் உருவாக்கப்பட்ட ஒரு கருவி, மின்னூட்டத்தையும் கரித்தூளையும் வைத்துத் தாளைக் கெடுக்காமலே அந்தத் தடத்தை வாசிக்கிறது.

இவ்வளவையும் வாசித்தால் ஒன்று விளங்கும். இவற்றில் பெரும்பாலானவற்றைப் போட்டோ பிரதியில் பார்க்கவே முடியாது. அழுத்தம், பள்ளம், மையின் தன்மை, திரும்பத் தொட்ட இடம் எல்லாம் மூல ஆவணத்தில்தான் இருக்கும். அன்று மேசையில் இருந்தது பிரதி. தொலைபேசியில் இருந்தது அதைவிட மோசம், படத்தின் படம்.

மாதிரி தவறினால் நிபுணரே விழுவார் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1983 ஏப்ரலில் மேற்கு ஜேர்மனியின் "ஸ்டேர்ன்" சஞ்சிகை ஹிட்லரின் நாட்குறிப்புகள் கிடைத்துவிட்டதாக அறிவித்தது. அறுபதுக்கும் மேற்பட்ட தொகுதிகள், பல மில்லியன் மார்க் விலை. கையெழுத்து நிபுணர்கள் ஒப்பிட்டு, ஒரே கை என்று சொல்லியிருந்தார்கள். உண்மையில் ஒரே கைதான்! ஏனென்றால் "ஹிட்லரின் உறுதியான எழுத்து" என்று அவர்களுக்குக் கொடுத்த மாதிரிகளிலும், நாட்குறிப்பை எழுதிய அதே மோசடிக்காரர் கொன்ராட் குஜாவ் எழுதியவை கலந்திருந்தன. அறிவிப்பு வெளிவந்து இரண்டு வாரத்துக்குள் பொய் வெளிப்பட்டது. தாளில் போருக்குப் பிறகே பயன்பாட்டுக்கு வந்த வெண்மையூட்டும் இரசாயனம் இருந்தது. எழுத்து ஏமாற்றியது, தாள் காட்டிக் கொடுத்தது.

அப்படியென்றால் இந்தத் துறையை நம்பலாமா? 2022 இல் அமெரிக்காவில் 86 ஆவணப் பரிசோதகர்களை வைத்துப் பெரிய ஆய்வொன்று வெளிவந்தது. வெவ்வேறு ஆட்களின் எழுத்தை ஒரே ஆளுடையது என்று தவறாகச் சொன்னது 3.1 வீதம். இரட்டையர்களின் எழுத்தில் அது 8.7 வீதம். ஒரே ஆளின் எழுத்தை அவருடையது அல்ல என்று தவறாகச் சொன்னது 1.1 வீதம். நல்ல திறமைதான், ஆனால் பிழையே வராத திறமை அல்ல. பயிற்சி பெற்றவர்களுக்கே இந்த அளவு என்றால், தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் தொலைபேசியைப் பெரிதாக்கிப் பார்க்கிற எங்களுக்கு எவ்வளவு இருக்கும்?

அதனால்தான் நல்ல பரிசோதகர் ஆம், இல்லை என்று மட்டும் பேசுவதில்லை. படிகள் வைத்திருக்கிறார்: இவர்தான் எழுதினார், எழுதியிருக்க வாய்ப்பு அதிகம், முடிவு கூற இயலாது, எழுதியிருக்க வாய்ப்புக் குறைவு, இவர் எழுதவில்லை. நடுவில் இருக்கும் "முடிவு கூற இயலாது" என்பது கோழைத்தனமான பதில் அல்ல. அது ஒரு முழுமையான, நேர்மையான பதில். ஹார்ட்லஸ் காலத்திலிருந்து வந்த இவ்வளவு கருவிகளுக்குப் பிறகும் அந்தப் படியை யாரும் எடுத்துவிடவில்லை. நீதிமன்றமும் நிபுணரின் அறிக்கையை ஒரு கருத்தாக எடுத்து, சாட்சிகளோடும் சூழ்நிலையோடும் சேர்த்துத்தான் பார்க்கிறது.

அந்த வீட்டாரிடம் அடுத்த நாள் திரும்பப் போனேன். இதை முழுவதும் சொல்லவில்லை, நாலு விடயம் மட்டும் சொன்னேன். நொத்தாரிசிடம் மூலப் பிரதி இருக்கும், காணிப் பதிவகத்திலும் ஒரு பிரதி இருக்கும், முதலில் அவற்றைப் பாருங்கள். இரண்டு சாட்சிகள் ஒப்பமிட்டிருக்கிறார்கள், அவர்கள் உயிரோடு இருந்தால் போய்ப் பேசுங்கள். உம்மா கடைசிக் காலத்தில் ஒப்பமிட்ட பென்ஷன் தாள், வங்கிப் படிவம், கிளினிக் கொப்பி எதையும் எறிய வேண்டாம். அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் சட்டத்தரணியிடம் போங்கள், நீதிமன்றம் மூலமாகப் பரிசோதனைக்கு அனுப்பலாம். அதுவரை அந்த வார்த்தையைக் குழுவில் எழுதாதீர்கள்.

மூத்தவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப தங்கச்சி போடல்ல எண்டு சொல்றீங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

"அதையும் நான் சொல்லல்ல நானா. எனக்குத் தெரியாது. உங்களுக்கும் இன்னும் தெரியாது. அவ்வளவுதான்" என்றேன்.

அந்த விடயம் இன்னும் முடியவில்லை. எப்படி முடியும் என்றும் எனக்குத் தெரியாது. ஆனால் குழுவில் இருந்த அந்தச் செய்தியை அவர் அழித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

உங்களுக்கும் சில வேண்டுகோள்கள். வயதானவர்களிடம் ஒப்பம் வாங்கும்போது அவசரப்படுத்தாதீர்கள். வெற்றுத் தாளிலோ நிரப்பாத படிவத்திலோ யாரும் ஒப்பமிடவோ கைநாட்டு வைக்கவோ விடாதீர்கள். அற்றோணித் தத்துவம் கொடுக்கும்போது என்ன கொடுக்கிறார்கள் என்பதை அவர்களுடைய மொழியில் வாசித்துக் காட்டுங்கள். எங்கள் உறுதிகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருக்கின்றன. பிள்ளைகளில் ஒருவருக்கு ஏதாவது எழுதுவதென்றால், முடிந்தால் மற்றப் பிள்ளைகளுக்கும் தெரிய எழுதுங்கள். சாட்சியாகக் கூப்பிட்டால் எங்கே ஒப்பமிடுவது என்று கேட்பதற்கு முன், எதற்கு ஒப்பமிடுகிறேன் என்று கேளுங்கள்.

என் மாணவன் இப்போது உயர்தரம் படிக்கிறான். வழியில் கண்டால் ஸலாம் சொல்வான். அவனுடைய பழைய தேர்ச்சி அறிக்கையில் அந்தச் சிவப்பு வட்டம் இன்னும் இருக்கும். சிவப்பு மையை அழித்தாலும் பரிசோதகரின் விளக்கின் கீழ் அதன் தடம் தெரியும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

வீட்டில் உறுதிப் பிரச்சினையோடு இருக்கும் யாருக்காவது இது பயன்படும் என்று நினைத்தால் பகிருங்கள். பிழை ஏதும் இருந்தால், சட்டம் தெரிந்தவர்கள் திருத்தி விடுங்கள். அல்லாஹ் எங்கள் குடும்பங்களை ஒற்றுமையாக வைப்பானாக. ஆமீன்.